நடுங்கும் நாவும் இறைவனுக்குரியதே



பங்குத் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள்கள். "இரண்டாம் வாசகத்தை நீங்கள் வாசியுங்கள்" என்று பங்குத்தந்தை ஒருவரைக் கேட்கின்றார். அவர் முப்பது ஆண்டுகள் பொறியியலாளராகப் பணியாற்றியவர், பலரை வழிநடத்தியவர். ஆயினும், "வேண்டாம் சுவாமி, வேறு ஆரிடமாவது கொடுங்கோ" என்று ஒதுங்கிக்கொள்கின்றார்.

யாழ்ப்பாணத்துப் பங்குகளில் இது புதிய காட்சியன்று. வைத்தியர், கணக்காளர், அரச அலுவலர் எனத் தத்தம் தொழிலில் வல்ல எத்தனையோ பேர் ஒலிவாங்கியின் முன் நிற்க அஞ்சுகின்றனர். மறைக்கல்வி மாணவன் தடுமாறினால் சபை புன்னகைக்கும். நாம் தடுமாறினால் நமது மதிப்பே சரிந்துவிடும் என்று எண்ணுகின்றோம். அனுபவம் அச்சத்தைக் குறைப்பதற்குப் பதிலாகப் பல வேளைகளில் கூட்டிவிடுகின்றது. இதனைத் தாழ்ச்சி என்று நாம் சொல்லிக்கொள்கின்றோம். உண்மையில், தன்மானத்தைப் பற்றிய கவலையே தாழ்ச்சியின் உடையை அணிந்து வருகின்றது.

புனித பவுலைப் பாருங்கள். கமாலியேலின் காலடியில் கற்ற அறிஞர் அவர். ஆனாலும் கொரிந்து நகருக்குத் தாம் வலுவற்றவராய், அச்சத்தோடும் நடுக்கத்தோடும் வந்ததாக அவரே ஒப்புக்கொள்கின்றார் (1 கொரி 2:3). அவரது பேச்சு எடுபடாது என்று ஏளனம் செய்தோரும் இருந்தனர் (2 கொரி 10:10). நடுக்கம் நீங்கட்டும், பிறகு பேசலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நடுக்கத்தோடேயே பேசினார்.

மகாத்மா காந்தியின் வாழ்விலும் இதே பாடம் உண்டு. 1891இல் லண்டனில் பாரிஸ்டர் ஆனவர், பம்பாய் நீதிமன்றத்தில் தமது முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தபோது ஒரு கேள்வியும் நாவில் வராமல் அமர்ந்துவிட்டார்; வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்கச் சொன்னார். 1893இல் தென்னாபிரிக்காவின் பிரிட்டோரியாவில், அங்குள்ள இந்தியர் நிலையைக் கண்டு அவர்களைக் கூட்டிப் பேசினார். அதுவே தமது முதல் பொதுப்பேச்சு எனலாம் என்று அவரே பின்னர் எழுதினார். பம்பாயில் அவர் கண்முன் நின்றது தமது திறமை. பிரிட்டோரியாவில் நின்றதோ மக்களின் துயரம். பேச்சாளரைவிடப் பேசுபொருள் பெரிதானபோது அச்சம் சிறுத்தது. அதே மனிதர் 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்திற்கும் வந்து பல கூட்டங்களில் உரையாற்றினார்.

நமது மண்ணின் தனிநாயகம் அடிகளார் இன்னொரு வழியைக் காட்டுகின்றார். உரோமையில் கற்றுப் பல மொழிகள் அறிந்த அவர், வடக்கன்குளத்தில் பணியாற்றியபோது தமது தமிழறிவு போதாதென உணர்ந்தார். அதை மறைக்கவில்லை, தமிழ்ப் பண்டிதர் ஒருவரிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் உலக அரங்குகளில் தமிழின் பெருமையை எடுத்துரைத்தவர் அவரே. கற்றவர் மீண்டும் கற்க வெட்கப்படலாகாது.

ஆகவே, வாசகம் கையில் கிடைத்ததும் அதனைப் பல நாள்கள் வீட்டில் உரத்து வாசியுங்கள். இரவுச் செபத்தின்பின் மனைவி, பிள்ளைகள் கேட்கட்டும். ஆட்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் முன்னரே பழகுங்கள். முதல் வசனத்தை மெதுவாகத் தொடங்குங்கள். அன்பியக் கூட்டத்தில் சிறு மன்றாட்டொன்றைச் சொல்லிப் பழகியவருக்கு ஆலயம் அந்நியமாகத் தோன்றாது. பெற்றோரே, தடுமாறிய ஒருவரைப் பற்றி வீட்டுக்கு வந்து நகைக்காதீர்கள். பிள்ளைகளின் அச்சம் அங்கேதான் விதைக்கப்படுகின்றது.

இது வாசகத்தோடு முடிகிற காரியமன்று. பாடசாலைக் கூட்டத்தில் ஓர் ஏழை மாணவனுக்காகவும், கிராமக் கூட்டத்தில் ஒரு விதவையின் காணிக்காகவும் பேச வேண்டிய வேளை வரும். அறிந்தவர் அங்கே வாய்மூடி இருந்தால், அறியாதவரின் குரலே தீர்ப்பாகிவிடும். ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு அஞ்சி ஆண்டவரை மறுதலித்த பேதுரு, பெந்தக்கோஸ்து நாளில் எருசலேமில் எழுந்து நின்று பேசினார். அவருக்கு அருளப்பட்ட ஆவியே நமக்கும் அருளப்பட்டுள்ளார்.

ஆண்டவரே, எங்கள் நடுக்கத்தை நீர் அறிவீர். அதனோடேயே எங்களை எழுந்து நிற்கச் செய்தருளும். ஆமென்.