குப்பைக்கு உலை, குடிகளுக்கு வாக்கு எங்கே?

நகரத்துக் குப்பையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதை அற்ப விஷயமென்று எண்ணுவோர் நம்மில் பலர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. குப்பை எவர் வாயிலில் போய் விழுகிறதென்பதைக் கொண்டே ஒரு நாட்டில் எவருக்கு மதிப்புண்டு, எவருக்கில்லை என்பதை அளந்துவிடலாம். கோலாலம்பூர் மாநகரின் குப்பை, தாமான் பெரிங்கின் நிலையத்திலிருந்து உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகாருக்குப் பல ஆண்டுகளாக லாரி லாரியாய்ப் போய்ச் சேருகின்றது. அது தோட்டங்கள் சூழ்ந்த இடம். இந்நாட்டுத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்தவர் எவரென்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இப்பொழுது குப்பையைக் கொட்டுவதற்குப் பதிலாகக் கொளுத்தி, அவ்வெப்பத்தால் நீராவி எழுப்பி, மின்சாரம் எடுக்கும் ஆலைகளுக்குத் திட்டம் தீட்டப்படுகிறது. விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகளல்லர். சிங்கப்பூர் 1979ஆம் ஆண்டிலேயே உலு பாண்டானில் இத்தகைய ஆலையைத் தொடங்கிற்று. அங்கும் சாம்பல் மாயமாய் மறைந்துவிடவில்லை. அதைக் கொட்டுவதற்கென்று 1999இல் செமாக்காவ் தீவில் ஓர் இடம் திறக்கப்பட்டது. அதுவும் 2035 அளவில் நிரம்பிவிடுமென்று அவ்வரசாங்கமே கணக்கிட்டிருக்கிறது. நூறு டன் எரித்தால் ஏறக்குறைய 20 டன் சாம்பல் மிஞ்சும். புகைப்போக்கியில் வடிக்கப்படும் நுண்சாம்பலோ நஞ்சுடையது. ஆகவே, எரித்தால் தொல்லை தொலைந்தது என்பது வெறும் பேச்சு.

மேலும், நமது வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி உணவுக் கழிவு. சோறும் கறியும் தோலும் சக்கையுமாகிய இவ்வீரப் பொருளை உலையிலிடுவது தண்ணீரைக் கொளுத்தி விளக்கேற்ற முயல்வதற்கு ஒப்பாகும். லங்காவி, பங்கோர், தியோமான், கேமரன் மலை ஆகிய இடங்களில் அமைந்த சிறு உலைகள் பட்ட பாட்டை நாடறியும். ஈரக் குப்பை எரிய டீசல் ஊற்ற வேண்டியிருந்தது. செலவு தலைக்கு மேல் போயிற்று. இன்னொன்றும் உண்டு. இத்தகைய ஆலைகளுக்கான ஒப்பந்தங்களில், நாள்தோறும் இத்தனை டன் குப்பை தருவோம், தராவிடினும் பணம் தருவோம் என்று இருபது, முப்பது ஆண்டுகளுக்குக் கையெழுத்திடுவது உலக வழக்கமாயிருக்கிறது. அப்படியானால் மக்கள் குப்பையைக் குறைப்பது குற்றமாகவும், பெருக்குவது தேசத்தொண்டாகவும் ஆகிவிடாதா?

நிற்க. நாம் முக்கியமாகக் கேட்பது வேறு. இத்தகைய முடிவைச் செய்வதற்கு உரிமையுடையவர் யார்?

முன்னர் நாளொன்றுக்கு 1,500 டன் எரிக்கும் பேருலை ஒன்றைப் பூச்சோங்கில் அமைக்க நினைத்தார்கள். அங்குள்ளோர் எதிர்க்கவே, 2002இல் அதைப் புரோகாவுக்கு மாற்றினார்கள். புரோகா மக்களிடம் முன்கூட்டிக் கேட்டவர் யார்? அவர்கள் கூட்டம் கூட்டினர், மனுக்கொடுத்தனர், நீதிமன்றப் படியேறினர். கடைசியில் 2007இல் திட்டம் கைவிடப்பட்டது. வாக்குச்சீட்டினால் ஒருநாளில் சொல்லியிருக்க வேண்டிய சொல்லை, அவ்வேழை மக்கள் ஐந்தாண்டு அலைந்து சொல்ல நேர்ந்தது.

காரணம் வெளிப்படை. 1951இல் ஜார்ஜ் டவுன் மக்கள் தங்கள் நகரசபைக்கு வாக்களித்தார்கள். 1965இல் இந்தோனேசியப் பகைமையைக் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. பகைமை அடுத்த ஆண்டே ஓய்ந்தது, தேர்தலோ திரும்பவில்லை. ஆதி நாகப்பன் அவர்கள் தலைமையில் அமைந்த அரச விசாரணைக் குழு, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்களே வேண்டுமென்று 1968இல் அறிக்கை தந்தது. அவ்வறிக்கையைப் புறக்கணித்து, 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கே முற்றுப்புள்ளி வைத்தது. அன்று முதல் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. நியமிக்கப்பட்டவர் நியமித்தவரின் முகத்தைப் பார்ப்பாரா, புகைப்போக்கியின் கீழ் உறங்கும் குழந்தையின் முகத்தைப் பார்ப்பாரா?

“பாமர மக்களுக்கு உலையைப் பற்றி என்ன தெரியும்?” என்று சில கனவான்கள் ஏளனம் செய்கிறார்கள். புகை 850 பாகை வெப்பத்தில் இரண்டு விநாடியாவது நிற்கவேண்டும், இல்லையேல் டையாக்சின் என்னும் நஞ்சு எஞ்சும் என்பது பாமரனுக்குத் தெரியாமலிருக்கலாம். சொன்னால் விளங்காததா அது? அவன் மொழியில் சொல்லுங்கள். அவன் வரிப்பணம் மட்டும் விளங்கும் பொருளாகவும், அவன் அபிப்பிராயம் விளங்காப் பொருளாகவும் இருப்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

ஆதலின் நாம் வற்புறுத்துவன இவை: ஒப்பந்தம் கையெழுத்தாகுமுன் அதன் ஒவ்வொரு வரியும் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும் மக்கள்முன் வைக்கப்படட்டும். உணவுக் கழிவைப் பிரித்து உரமாக்கும் வேலை முதலில் நடக்கட்டும். புகையின் அளவு நாள்தோறும் ஊர்ப் பலகையில் எழுதப்படட்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, 1965இல் பறித்த வாக்கு திருப்பித் தரப்படட்டும்.

தோழர்களே! உங்கள் ஊரில் ஆலை வருமென்று கேள்விப்பட்ட பிறகு விழித்துப் பயனில்லை. இன்றே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் சென்று, ஊராட்சித் தேர்தலுக்கு அவர் ஆதரவா, எதிர்ப்பா என்று நேராகக் கேளுங்கள். உலையை மூட்டுமுன் வாக்குப்பெட்டி திறக்கப்படுவதே முறை.