டிசம்பர் 2 அன்று எங்கள் வீட்டுக்கு வந்தது யார்?

பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

தங்கள் பெயரையும் பதவியையும் இங்கே போடவில்லை. எங்கள் மனுக்களை வாங்கி வைத்துக்கொண்ட அலுவலகம் எது என்று தங்களுக்கே தெரியும். நான் கெடார்க்காரன். என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது. தசைச்சிதைவு நோய், டுஷேன் வகை. மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை ஒழுங்காக வருகிறது. அதற்கு நன்றி சொல்லிவிட்டே தொடங்குகிறேன். சட்டத்தையும் அரசாணையையும் தங்களுக்கு எடுத்துச் சொல்லப் போவதில்லை. அவை தங்கள் மேசையிலேயே இருக்கின்றன.

மனு கொடுக்கப் போன இடத்தில் ஒருவர் அக்காவைப் பார்த்து, "சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார். அக்காவை அசலில்தான் கொடுத்தோம். சொந்தத்தில் கட்டுவதற்கும் இந்த நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெரும்பாலும் தாய் வழியாக ஆண்பிள்ளைக்கு வருவது இது. சில பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமலே வரும். பிறக்கும் ஆண் குழந்தைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவர் என்கிறார்கள். எங்கள் தம்பி ஒருவனும் இப்படித்தான் முதலில் படியேற முடியாமல், பிறகு நடக்க முடியாமல், பதினேழு வயதில் போய்ச் சேர்ந்தான். நரம்புத் தளர்ச்சி என்று கடைசிவரை டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அதனால்தான் அக்கா மகனின் கெண்டைக்கால் பயில்வானுக்கு இருப்பதுபோலத் திரண்டபோது ஊரே கண் வைக்க, எங்கள் அம்மா மட்டும் அழுதாள். தரையிலிருந்து எழும்போது தன் தொடையைத் தானே பிடித்துக் கையால் ஏறி நிமிர்வான். அவளுக்கு அது முன்பே பார்த்த காட்சி.

இந்த நோய்க்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற மரபணு மருந்தின் விலை 32 லட்சம் டாலர். அதை நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் கேட்டது தண்ணீருக்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லித்தர ஓர் ஆள்.

தண்ணீர் இந்த நோயைக் குணமாக்காது. இது எங்களுக்கும் தெரியும். ஆனால் இடுப்பளவு தண்ணீரில் உடம்பின் பாரம் பாதியாகிவிடும். நெஞ்சளவு போனால் மூன்றில் ஒரு பங்குதான். தரையில் நிற்க முடியாத பிள்ளை அங்கே நிற்பான். இளஞ்சூட்டில் இறுகிய குதிகால் தசைநாண் கொஞ்சம் இளகும், நீட்டிவிடலாம். 2010இல் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்டு 2018இல் திருத்திய டுஷேன் பராமரிப்பு வழிகாட்டியிலும் நீச்சல்குளப் பயிற்சி இருக்கிறது. கெடாரில் குளத்துக்கு எங்கே போவது? ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றை வாங்கித் தலைப்பாகத்தை அறுத்து, விளிம்பில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, வாசலில் வைத்தோம். கறுப்புத் தொட்டி, சித்திரையில் தண்ணீரை ஆறவைத்துத்தான் பிள்ளையை இறக்க முடியும். மார்கழியில் இரண்டு அண்டா வெந்நீர் காய்ச்சி ஊற்றினாலும் அரைமணிக்குள் சில்லிட்டுப் போகும். முதல்முறை இறக்கியபோது என் கையை உதறிவிட்டு, "மாமா, உடு, நானே நிக்கிறேன்" என்றான். நின்றான்.

பிறகுதான் கேள்விகள் வந்தன. எத்தனை நிமிடம் போதும்? ஒருநாள் உற்சாகத்தில் நிறைய ஆடிவிட்டான். மறுநாள் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. வெளியூர் டாக்டர் ஒருவர், "தசை சிதைந்து சிறுநீரில் வருது, களைச்சுப் போற அளவுக்கு விடாதீங்க" என்றார். கழுத்துவரை தண்ணீர் நின்றால் நெஞ்சை அழுத்தும், மூச்சுத் தசையும் பலவீனமான பிள்ளைக்கு அது ஆகாது என்று சொன்னவரும் அவர்தான். தொட்டிக்குள் தூக்கி இறக்குவதில் அக்காவின் இடுப்பு போய்விட்டது. தூக்குவதற்கும் ஒரு முறை இருக்குமே, அதையாவது யாராவது காட்டினால் தேவலை. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மாதம் ஒருமுறை வந்து பார்த்தால் போதும் என்றுதான் எழுதிக் கொடுத்தோம். மனுவை வாங்கினீர்கள். செல்போனில் குறுஞ்செய்தி வந்தது. ஆள் வரவில்லை. மறுபடி கொடுத்தோம். "அனுப்பிக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றார்கள்.

யாரை அனுப்புகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வீட்டு வருகைப் பதிவேட்டின் நகல் கேட்டேன். வந்தது. அதில் ஒரே ஒரு பதிவை மட்டும் இங்கே எடுத்து வைக்கிறேன்.

2.12.2024, திங்கட்கிழமை. "பயனாளியின் இல்லத்தில் நீட்சிப் பயிற்சி 20 நிமிடம். வெந்நீர்ப் பயிற்சி குறித்துத் தாய்க்கு விளக்கப்பட்டது. பயனாளி ஒத்துழைப்பு நன்று."

ஐயா, அந்தத் திங்கட்கிழமை எங்கே இருந்தீர்கள்? ஃபெஞ்சல் புயல் கரையேறி, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய மறுநாள் அது. தென்பெண்ணை பொங்கி அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் ஏறி ஓடிய நாள். விக்கிரவாண்டிப் பக்கம் பாலத்தில் வெள்ளம் என்று ரயில்களை நிறுத்தி வைத்த நாள். மாவட்டமே தண்ணீரில் கிடந்தபோது, கெடாரில் வாய்க்கால் ஓரத்து வீட்டுக்கு ஒரு மனிதர் வந்து, பிள்ளையின் காலை இருபது நிமிடம் நீட்டிவிட்டு, வெந்நீரைப் பற்றியும் விளக்கிவிட்டுப் போயிருக்கிறார்! எந்த வாகனத்தில் வந்தார் என்று மட்டும் சொல்லுங்கள், ஊரில் இன்னும் நாலு பேருக்கு உதவும்.

அன்று எங்கள் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். கட்டில்மேல் உட்காரவைத்த பிள்ளையை எப்படி வெளியே கொண்டுபோவது என்று தெரியவில்லை. தோளில் தூக்கினால் வழுக்கும். விழுந்தால் இந்த நோயில் எலும்பு சுலபமாக முறியும். கடைசியில் அதே சின்டெக்ஸ் தொட்டியை உள்ளே இழுத்து வந்து, தலையணை போட்டு அவனை உட்காரவைத்து, நானும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருமுனை மேட்டுவரை தள்ளிக்கொண்டு போனோம். பதிவேட்டில் எழுதியவர் இதைத்தான் நீர்ப்பயிற்சி என்றாரோ என்னவோ. ஒத்துழைப்பு நன்று என்பது மட்டும் உண்மை. அவன் அழவே இல்லை.

அந்தப் பதிவுக்கு எதிரே தாயின் ஒப்பம் என்ற கட்டத்தில் பெருவிரல் ரேகை இருக்கிறது. என் அக்கா பத்தாவது வரை படித்தவள். தன் பெயரை அழகாகத் தமிழில் எழுதுவாள். தங்களுக்குக் கொடுத்த ஒவ்வொரு மனுவின் கீழும் அந்தக் கையெழுத்து இருக்கிறது. ஒன்றையாவது கடைசிவரி வரை படித்திருந்தால் பார்த்திருப்பீர்கள். அது யாருடைய விரல்?

ரேகை வைத்தவர் அநேகமாகக் குறைந்த சம்பளக்காரராக இருப்பார், ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கணக்குக் கேட்டு நெருக்கியிருப்பார்கள். அவரைப் பலிகொடுத்துவிட்டு நடவடிக்கை எடுத்தோம் என்று பேப்பரில் செய்தி கொடுத்துவிடாதீர்கள். டிசம்பர் 2 என்ற தேதியைப் பார்த்தும் சந்தேகம் வராமல் பச்சை மையில் கையெழுத்துப் போட்டவரைத்தான் கேட்கிறேன். அந்த வாரம் முழுக்க வெள்ள நிவாரணக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே நீங்கள் எல்லாரும்?

சேலத்தில் வானவன் மாதேவி, இயலிசை வல்லபி என்று இரண்டு சகோதரிகள். இருவருக்கும் தசைச்சிதைவு நோய். எழுந்து நடக்க முடியாத அந்த இரண்டு பெண்கள் ஆதவ் அறக்கட்டளை தொடங்கித் தங்களைப் போன்றவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். வானவன் மாதேவி இன்று இல்லை. சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு எட்டிய தூரம், ஜீப்பும் டிரைவரும் உள்ளவர்களுக்கு எட்டவில்லை. வெட்கப்படுங்கள் என்று சொல்லலாம்தான். அதற்கும் தனியாக ஒரு மனுப் போடச் சொல்வீர்கள்.

டுஷேன் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் பன்னிரண்டு வயதுக்குள் நடையை இழக்கிறார்கள். எங்கள் பையன் தரையில் நிற்பதை நிறுத்திவிட்டான். தண்ணீரில் இன்னும் நிற்கிறான். அவனுடைய முழங்கால் மடங்கி இறுகிப்போனால் பிறகு தொட்டியிலும் நிற்க முடியாது. நீங்கள் விசாரணை வைப்பதும் கோப்பை மூடுவதும் உங்கள் பாடு. அதற்கு முன் உண்மையான ஓர் ஆளை, பகல் பதினொரு மணிக்குமேல், தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் அனுப்புங்கள். வழி கேட்க வேண்டாம், முகவரி உங்கள் பதிவேட்டில் சரியாகவே இருக்கிறது. கையெழுத்தை மட்டும் இந்த முறை என் அக்காவிடமே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பையனின் தாய்மாமன்,
கெடார்.