பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது...



பங்குனி பிறந்துவிட்டால் என் பெரியம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. "ஏண்டி, எப்ப லீவு போடுவே? மேலே போகணும்" என்று போன் வந்துவிடும். 'மேலே' என்றால் கொடைக்கானல்.

பெரியப்பா பள்ளிக்கூடத்தில் 32 வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் கொடைக்கானல் ஏரிக்கு மேலே, சரிவில், இரண்டு அறைகள் கொண்ட ஓட்டு வீடு ஒன்றை வாங்கினார். ஐப்பசி, கார்த்திகை மழையும் மார்கழி, தைக் குளிரும் இருவர் வயசுக்கும் ஒத்துக்கொள்ளாது. ஜனவரி இரவுகளில் அங்கே புல்வெளியில் உறைபனி படியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! ஆகவே தீபாவளி முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மதுரைக்கு, மகன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பங்குனியில் திரும்பப் போய்த் திறப்பார்கள்.

இந்த வருஷம் துணைக்கு நானும் என் மூன்று வயதுப் பெண்ணும் போனோம். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன். 'மலையிலே பங்களா இருக்கிறவர்கள் சமாசாரம், நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பிரசவத்துக்குத் தாய்வீடு போய்க் குழந்தையோடு ஐந்தாம் மாசம் திரும்புகிறீர்களே, அப்போது உங்கள் வீடும் பூட்டிக் கிடந்த வீடுதான்.

முதலில் காற்று

கதவைத் திறந்ததும் ஈர வாடை முகத்தில் அடித்தது. நான் சுவிட்சைப் போடக் கையை நீட்டினேன். "தொடாதே!" என்றாள் பெரியம்மா. சிலிண்டரில் கசிவு இருந்தால் சுவிட்சில் எழும் சின்னப் பொறியே போதுமாம். எல்லா ஜன்னல்களையும் திறந்து போட்டுவிட்டு அரை மணி நேரம் வாசலில் உட்கார்ந்தோம். பக்கத்துத் தோட்டத்தில் பேரி மரம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. ஏரிப் பக்கம் ஜகரண்டா மரங்களில் ஊதாப் பூ அப்போதுதான் தலைகாட்டியிருந்தது.

உள்ளே போனால் சமையலறை மூலையில் எலிப் புழுக்கை. துடைப்பத்தை எடுத்துப் பரபரவென்று பெருக்கக் கூடாது. தூசியோடு சேர்ந்து மூக்கில் ஏறும். கையுறை போட்டுக்கொண்டு, முகத்தில் துணி கட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து ஊறவிட்டு, பழந்துணியால் வழித்து எடுத்தோம். எலியின் சிறுநீரால்தான் எலிக்காய்ச்சல் வருகிறது. காலில் கையில் காயம் இருந்தால் அந்த இடத்தை மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

பிறகு தண்ணீர்

மேல் தொட்டியை முழுதும் வடித்து, தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, 1000 லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றினார் பெரியப்பா. ஒரு மணி நேரம் கழித்துத்தான் உபயோகம்.

குடிக்கும் தண்ணீர் கொதி வந்ததும் நான் அடுப்பை அணைக்கப் போனேன். "இரு இரு, இது மதுரை இல்லே" என்று தடுத்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7000 அடி உயரம். அங்கே தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். மலையில் மூன்று நிமிஷம் கொதிக்கவிட வேண்டும். துவரம் பருப்பு குக்கர் இல்லாமல் அங்கே லேசில் வேகாததற்கும் இதுதான் காரணம்.

கேஸும் கரண்டும்

சோப்பு நுரையை ரெகுலேட்டரிலும் ரப்பர் டியூபிலும் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். டியூபை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடிக்காவிட்டாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். மெயின் சுவிட்சைப் போட்டதும், ஷாக் அடிக்காமல் காக்கும் சாதனத்தின் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். படக்கென்று கரண்ட் நிற்க வேண்டும். கீசரில் தண்ணீர் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் வந்த பிறகே அதன் சுவிட்சைப் போடுங்கள்.

கம்பளியும் அந்துருண்டையும்

பெட்டியைத் திறந்தால் அந்துருண்டை வாசனை கம்மென்று வந்தது. இளம் தாய்மார்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைக் குழந்தைக்குப் போர்த்தக் கூடாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு அந்துருண்டையின் நெடியே சிவப்பணுக்களை உடைத்து, மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்துவிடும். துவைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, வாடை அறவே போன பிறகுதான் குழந்தைக்கு.

அலமாரியில் போன வருஷத்து மாத்திரைகள் இருந்தன. தேதி பார்த்து எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். இவ்வளவும் முடிய முதல் நாள் முழுதும் போயிற்று. இத்தனை ஜாக்கிரதையாக இருந்தவர்கள் நாங்கள். அப்படியும் நடந்தது, மறுநாள் ராத்திரி.

மறுநாள் ராத்திரி

சாயங்காலத்திலிருந்து மழை. ஏழு மணிக்குக் கரண்ட் போய்விட்டது. நாலு மாசம் பூட்டிக் கிடந்த சுவர்கள் குளிரைக் கக்கின. குழந்தை கம்பளிக்குள்ளே வெடவெடவென்று நடுங்கினாள். பெரியப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. கொல்லையில் கிடந்த கும்முட்டி அடுப்பை எடுத்து, கரி போட்டு, வெளித் தாழ்வாரத்தில் வைத்து விசிறினார். புகையெல்லாம் அடங்கித் தணல் செக்கச் சிவந்ததும், "இனிமே புகை இல்லே" என்று அறைக்குள்ளே கொண்டுவந்து வைத்தார். சாரல் அடிக்கிறதென்று ஜன்னல்களை நான்தான் சாத்தினேன்.

சுகமாகத்தான் இருந்தது. அரை மணி, முக்கால் மணி போயிருக்கும். எனக்குத் தலை விண்விண்ணென்று தெறித்தது. குழந்தை துவண்டுபோய் என் மடியில் சாய்ந்தாள். இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

"எனக்கும் தலை சுத்துதும்மா" என்றாள் பெரியம்மா.

"எனக்கும்தான். ரெண்டு நாள் அலைச்சல்" என்றார் பெரியப்பா.

பெரியம்மா சட்டென்று எழுந்தாள். தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, அலைச்சல் உங்களுக்கும் எனக்கும். மடியிலே கிடக்கிற புள்ளைக்கு என்ன அலைச்சல்? நாலு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படிங்க வரும்? கதவைத் திறங்க!"

பெரியப்பா ஒரு கணம் அடுப்பைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். குழந்தையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு மழையில் வாசலுக்கு ஓடினார். அடுத்த வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் நால்வருக்கும் முகத்தில் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். நள்ளிரவு தாண்டி, "அம்மா, பால்" என்று என் பெண் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

டாக்டர் விளக்கிச் சொன்னார். மூடின அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. புகை இல்லாத தணலிலிருந்துதான் அது நிறைய வரும். ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒட்டுகிற இடத்தில் இது இருநூறு மடங்குக்கு மேல் இறுகலாகப் போய் ஒட்டிக்கொள்ளும். குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் தாக்கும். தூங்கிவிட்டால் எழுந்திருக்க முடியாமலே போகலாம். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் மீட்டரை நம்பக் கூடாது. இந்த விஷம் ஏறியிருந்தாலும் அது சரியான அளவையே காட்டும். கர்ப்பிணிகளுக்குத் தங்களுக்கு ஒன்றுமில்லை என்று தோன்றினாலும், வயிற்றுப் பிள்ளைக்காக உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

மலையில்தான் இந்த ஆபத்து என்று எண்ணாதீர்கள். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தாலும் இதே கதைதான். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கைக்குழந்தைக்குச் சாம்பிராணி போடுகிறோமே, அந்தச் சட்டியில் இருப்பதும் கரித் தணல்தானே? தலையைத் துணியால் துவட்டினாலே போதும். சாம்பிராணி வேண்டாம்.

ஏரிக்கரையில்

மறுநாள் காலையில் மதுரையிலிருந்து அண்ணன் போன் செய்தான். "போதும்ப்பா. வீட்டை வித்துடலாம்." பெரியப்பா பதில் பேசவில்லை. போனைப் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போனோம். வழக்கமாக அங்கே கால் வைத்ததுமே வாத்தியார் பாடம் ஆரம்பித்துவிடும். மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் ஓடையைத் தேக்கி இந்த ஏரியை உண்டாக்கியது, நட்சத்திர வடிவம், 60 ஏக்கர் என்று அடுக்குவார். அன்று வாயே திறக்கவில்லை. வெகு நேரம் கழித்து, "நிறமில்லை, மணமில்லைன்னு 32 வருஷம் போர்டுல எழுதினவன் நான்" என்றார். குரல் உடைந்துவிட்டது.

பெரியம்மா அவர் சால்வையை இழுத்து மூடிவிட்டாள். "போர்டுல எழுதறது வேற, புள்ளை நடுங்கறதைப் பார்க்கறது வேற. பதறிட்டீங்க. பதறினா படிச்சது மறந்துதான் போகும். அதனால இனிமே நம்ம ஞாபகத்தை நம்ப வேண்டாம், எழுதி ஒட்டிடுவோம்."

"அப்போ விக்க வேண்டாங்கிறியா?"

"2018-ல குறிஞ்சி பூத்தப்போ என்ன சொன்னீங்க? 2030-லயும் சேர்ந்து பார்ப்போம்னீங்க இல்லே? அதுவரைக்கும் திறப்போம். ஆனா தனியா வர மாட்டோம். வந்தா மூணு நாளைக்கு யாராவது கூட இருக்கணும். எங்கே, அவன்கிட்டே நானே சொல்றேன்."

அண்ணன் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "அடுத்த வருஷம் நானே வந்து திறந்து வைக்கிறேன், அப்புறம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அதுவே பெரியம்மாவுக்குப் போதுமாயிருந்தது.

மறுநாள் காலை கும்முட்டி அடுப்பில் மண்ணைக் கொட்டி, ஒரு ஜெரேனியம் கிளையை நட்டுத் திண்ணையில் வைத்துவிட்டாள். குளிருக்கு இனி வெந்நீர்ப் பையும் கம்பளிச் சட்டையும்தான். பெரியப்பா முத்து முத்தான எழுத்தில் ஒரு தாள் எழுதி வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறார். அதைத்தான் கீழே தருகிறேன். நீங்களும் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வீடு திறக்கும் வரிசை

1. ஜன்னல்கள், அரை மணி காற்று. அதுவரை சுவிட்ச், தீக்குச்சி கூடாது.

2. எலி எச்சம்: நனைத்துத் துடை, பெருக்காதே.

3. தொட்டி கழுவு, மலையில் மூன்று நிமிஷம் கொதிக்கவிடு.

4. கேஸ் டியூப், பிறகு மெயின் சுவிட்ச், கடைசியில் கீசர்.

5. கம்பளி, மெத்தை வெயிலில். பழைய மருந்து வெளியே.

6. அறைக்குள் கரி, கட்டை எதுவும் எரியக் கூடாது.

7. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா? காரணம் தேடாதே. முதலில் வெளியே ஓடு.