கொடியை அறுக்க அவசரம் ஏன்?

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் நம்மவர்கள் முதலில் செய்யும் காரியம் கடிகாரத்தைப் பார்ப்பதாகும். எத்தனை மணி, எத்தனை நிமிஷம் என்று குறித்துக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறார்கள். அந்த நிமிஷத்தால் ஜோசியனுக்குத் தட்சணை கிடைப்பதைத் தவிர, பிள்ளைக்கு யாதொரு பயனும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு உண்மையாகவே பயன்படக்கூடிய வேறொரு நிமிஷக் கணக்கு உண்டு. அதாவது, தொப்புள்கொடியை எப்பொழுது கட்டி அறுப்பது என்பதாகும். இதைப்பற்றி எந்தத் தகப்பனாவது கேட்டதுண்டா?

பிள்ளை வெளியே வந்த பின்னும் அதற்குச் சேரவேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியில் தங்கியிருக்கிறது. உடனே அறுக்காமல் விட்டால், அது கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது. ஒரு நிமிஷத்தில் சுமார் 80 மில்லி லிட்டரும், மூன்று நிமிஷத்தில் சுமார் 100 மில்லி லிட்டரும் சேருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மூன்று கிலோ எடையுள்ள பிள்ளையின் உடம்பில் உள்ள இரத்தமே ஏறக்குறைய கால் லிட்டர்தான் என்றால், இந்த 80 மில்லி எவ்வளவு பெரிய சொத்து என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். அந்த இரத்தத்தில் இரும்புச்சத்து இருக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகவும் சொற்பமாதலால், முதல் ஆறு மாதம் வரை பிள்ளை பெரும்பாலும் பிறக்கும்போது கொண்டுவந்த சேமிப்பை வைத்தே வாழவேண்டியிருக்கிறது. இரும்பு குறைந்தால் இரத்தசோகை வருவதோடு மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது.

இது வெறும் யூகமல்ல. ஸ்வீடன் தேசத்து ஹால்ம்ஸ்டாட் நகரில், நிறைமாதத்தில் பிறந்த 400 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பத்து வினாடிக்குள்ளும், மற்றதற்கு மூன்று நிமிஷம் கழித்தும் கொடியைக் கட்டிப் பார்த்தார்கள். முடிவு 2011-ல் வெளிவந்தது. நான்காம் மாதத்தில் முதல் பிரிவில் நூற்றுக்கு 5.7 பேருக்கு இரும்புக் குறைவு இருந்தது, இரண்டாவதில் 0.6 பேருக்குத்தான். 2014-ல் உலக சுகாதார நிறுவனமும் ஒரு நிமிஷத்துக்கு முன் கொடியைக் கட்டவேண்டாமென்று சொல்லிவிட்டது. நமது நாட்டிலோ, 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேர் இரத்தசோகையுள்ளவர்கள். இதற்கு வறுமையும், தாயின் இரத்தக் குறைவும் பெருங்காரணங்களே. என்றாலும், காசில்லாமல் கிடைக்கும் மருந்தை ஏன் குப்பையில் எறியவேண்டும்?

நிற்க, அவசரமாக அறுப்பது கெடுதல் என்று சார்லஸ் டார்வினின் பாட்டனார் எராஸ்மஸ் டார்வின் 1801-லேயே எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும், உடனே அறுத்தால் தாயின் இரத்தப்போக்குக் குறையுமென்று நம்பி, ஆஸ்பத்திரிகளில் சென்ற நூற்றாண்டில் அதையே வழக்கமாக்கினார்கள். சோதித்துப் பார்த்ததில், காத்திருப்பதால் இரத்தப்போக்கு அதிகமாவதில்லை என்று தெரிந்தது. பூணூல் போட்டுக்கொண்டு வந்தாலும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும், காரணம் கேட்கப்படாத வழக்கம் குருட்டு வழக்கமேயாகும்.

உடனே வைதீகர்கள், "பார்த்தீர்களா, நஞ்சு விழும்வரை காத்திருந்த நம் முன்னோர்கள் முட்டாள்களா?" என்று துள்ளக்கூடும். அவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். கொடி அறுப்பதைத் தீட்டு என்று சொல்லி, அவ்வேலையைக் "கீழ்ஜாதி" என்று தாங்கள் பெயரிட்ட பெண்ணின் தலையில் கட்டியவர்கள் யார்? பிள்ளையைக் காப்பாற்றிய அவளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியவர்கள் யார்? சுத்தமில்லாத கத்தியால் அறுத்து, சாணியையும் சாம்பலையும் தொப்புளில் அப்பி, எத்தனையோ சிசுக்களை இசிவு நோய்க்குப் பலி கொடுத்ததும் அதே முன்னோர் வழக்கந்தானே? பழசு என்பதாலோ புதிது என்பதாலோ ஒன்று சரியாகிவிடாது. சோதனையில் நின்றதே சரியாகும்.

இதிலும் மூடபக்தி கூடாது. காத்திருந்து கட்டிய பிள்ளைகளில் மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை வேண்டியவர்கள் சிறிது அதிகமென்று கண்டிருப்பதால், அதைக் கவனிக்கவேண்டும். மூச்சு விடாத பிள்ளைக்கு என்ன செய்வதென்பதை டாக்டரே தீர்மானிக்கவேண்டும்.

ஆதலால் தோழர்களே, பிரசவத்துக்கு முன்னமே டாக்டரிடமும் நர்ஸிடமும், "கொடியை எப்பொழுது கட்டுவீர்கள்?" என்று கூச்சமின்றிக் கேளுங்கள். ஜோசியனுக்காகப் பார்க்கும் கடிகாரத்தை ஒரே ஒரு தடவை பிள்ளைக்காகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.