குடியானவர் வீட்டில் நடை பயிலும் குழந்தை

குழந்தைக்கு யாதொரு விபத்து நேரினும், “பெற்றவள் எங்கே போனாள்?” என்று கேட்பது கிராமங்களில் வழக்கமாயிருக்கின்றது. இக்கேள்வி நியாயமானதன்று. மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் குடியானவர் மனைவி விடியுமுன் மல்லிகை பறிக்கவும், வெயிலேறியபின் களையெடுக்கவும் செல்பவள். ஒன்றரை வயதுக் குழந்தையோ, கண்டதையெல்லாம் வாயிலிட்டே உலகத்தை அறியும் பிராயத்தது. அதன்மீது இமைப்பொழுதும் கண் நீங்காதிருத்தல் எவர்க்கும் இயலாது. ஆகவே கேட்கத்தக்கது வேறு: அதன் கைக்கெட்டும் இடத்தில் அபாயத்தைக் கொணர்ந்து வைத்தவர் யார்? பெரும்பாலும் நிலத்துக்குடையவரே.

பூச்சி மருந்தை எடுத்துக்கொள்வோம். தெளித்து மீந்ததைச் சோடாப் புட்டியிலோ சர்பத்துப் புட்டியிலோ ஊற்றி, எரவாணத்திலும் நெற்குதிரின் பின்னும் செருகி வைப்போர் உளர். 1971-ஆம் வருஷத்திய விதிகளின்படி ஒவ்வொரு மருந்துப் புட்டியின்மேலும் விஷத்தின் கடுமையைக் காட்டும் வர்ணக்குறி இருத்தல் வேண்டும். சிவப்பே மிகக் கொடியது. முறிவு மருந்தின் விவரமும் அதனுடன் அச்சிட்டு வரும். புட்டி மாறினால் இவையனைத்தும் போயின. குழந்தை பருகியது யாதென்று வைத்தியரிடம் சொல்லவும் வழியில்லை. ஆதலின் மருந்து, வந்த புட்டியிலேயே, பூட்டிய பெட்டியில், சமையற்கட்டுக்குப் புறம்பாக இருத்தல் அவசியம். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு வாந்தி உண்டாக்குதலும் தகாது. எண்ணெய் சுவாசப்பையிற் புகுந்து கேட்டை மிகுவிக்கும். உப்புநீர் புகட்ட விரையும் பாட்டிமார் இதனைப் பொறுத்தருள்க.

மாட்டுக்கு வைத்த கழுநீர்த் தொட்டியில் ஒரு சாண் நீர் இருப்பினும் போதும். தலைகீழாய்க் கவிழ்ந்த குழந்தை தானே எழமாட்டாது.

எல்லாவற்றினும் கொடியது கைவிட்ட ஆழ்துளைக் கிணறு. மதுரைக்கு வடக்கே, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், 2019 அக்டோபர் 25-ந் தேதி இரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அத்தகைய துளையில் வீழ்ந்தான். மதுரையிலிருந்தும் மீட்புக் கருவியுடன் சென்றார்கள். இரவு பகலாய் முயன்றும் 29-ந் தேதி சடலமே கிடைத்தது. அவ்வீட்டாரை மாத்திரம் குறை கூறுதல் முறையன்று. அங்ஙனம் விடப்பட்ட துளைகள் எத்தனையோ ஊர்களில் உள்ளன. கைவிட்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கல் முதலியவற்றால் நிரப்பவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 2010-லேயே கட்டளையிட்டிருந்தது. உபயோகத்திலுள்ள துளைக்குச் சிமெண்டு மேடையும், ஆணி முடுக்கிய இரும்பு மூடியும் வேண்டும். பழுது பார்க்கப் பம்பை வெளியே எடுத்த நாட்களிலும் வாய் திறந்திருத்தலாகாது.

நீர் காணாத துளையினின்று இரும்புக் குழாயை உருவிக்கொண்டு, ஒரு சாக்கையும் நாலு கல்லையும் மேலே வைத்துவிட்டு, அறுவடைக்குப்பின் மூடலாமென்று தள்ளிப்போடுவது பலருடைய வழக்கம். சாக்கு ஒரு மழைக்காலத்திலேயே இற்றுப்போகும். துளையிட வந்த வண்டி திரும்புமுன்பே அவ்வேலையைத் தொடங்கிவிடுதல் எளிது. துளைக்குள்ளிருந்து வெளிவந்த மண்ணும் கற்பொடியும் அருகிலேயே குவிந்து கிடக்கும்.