செங்கல்லை எடுங்கள்

"இன்னும் பெரிய கல்லா வச்சிருக்கணும்." ஸ்ரீரங்கத்தில் ஓர் அடுக்ககத்தின் மாடிப்படியில் போன வாரம் ஆளுக்கொரு முறை இதைச் சொன்னார்கள். எங்கள் உறவுக்காரப் பையன் வளர்க்கும் பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டுப் பாம்பு இரவில் தொட்டியை விட்டு வெளியேறி, காலையில் பக்கத்து வீட்டு வாஷிங் மெஷினுக்கு அடியில் சுருண்டு கிடந்தது. அது குடியிருந்தது ஒரு பழைய மீன் தொட்டி. அதன்மேல் பிளைவுட் பலகை, பலகைமேல் செங்கல். செங்கல் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. பலகையின் ஒரு மூலை மட்டும் வளைந்து மேலே எழும்பியிருந்தது. அந்த மூலையைக் கண்ணால் பார்த்த பிறகும் கீழ்வீட்டு மாமாவும் பையனின் சித்தப்பாவும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: "ரெண்டு செங்கல் வை தம்பி. இல்லேன்னா அந்த அம்மிக்கல்லத் தூக்கி வை."

எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. கனம் வைத்தால் காவல் வந்துவிடும் என்ற இந்த நம்பிக்கை ஒரு வீட்டோடு நிற்பதில்லை. பாம்பு வளர்ப்பவர்களில் பாதிப்பேர், அவர்களுக்கு யோசனை சொல்பவர்களில் முக்கால்வாசிப்பேர் இதைத்தான் நம்புகிறார்கள். கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து மேலே கல் வைத்துப் பழகிய கை நம்முடையது. கோழி கூரையை முட்டித் திறக்கப் பார்ப்பதில்லை, அதற்குக் கல் போதும். பாலுக்கு வரும் பூனைக்கும் கல் போதும், அது வெளியே நிற்கிற பிராணி. பாம்பு உள்ளே இருந்துகொண்டு மேல்நோக்கித் தள்ளுகிறது. இருட்டிய பிறகு விளிம்போரமாக மூக்கை வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே இளகுகிறது என்று பார்க்கிறது. தலை நுழையும் இடைவெளி கிடைத்துவிட்டால் மிச்ச உடம்பு பெரும்பாலும் பின்னாலேயே வந்துவிடும்.

கல் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போய்விட்டு வர வேண்டும். அங்கே முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நாட்டில் அதிகம் பேரைக் கொல்லும் நான்கு பாம்புகளையும் பிடித்து வந்து, ஏறக்குறைய மூன்று வாரம் வைத்திருந்து, நஞ்செடுத்த பிறகு திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும் பகுதி அங்கிருந்துதான் போகிறது. அத்தனை பாம்பையும் அவர்கள் எதில் வைக்கிறார்கள்? மண்பானையில். அடியில் கொஞ்சம் மணல். மூடி என்ன? ஒரு பருத்தித் துணி, அதைச் சுற்றி ஒரு கயிறு. அம்மிக்கல்லும் இல்லை, செங்கல்லும் இல்லை.

அந்தத் துணி என்ன கனம் இருக்கும்? ஒரு கைக்குட்டையைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்குள் கண்ணாடி விரியன் அடங்கிக் கிடக்கிறது. காரணம் கயிறு. பானையின் விளிம்பு வெளிப்பக்கம் விரிந்திருக்கிறது, கயிறு அதற்குக் கீழே கழுத்தை இறுக்கிப் பிடிக்கிறது. பாம்பு தள்ளினால் துணி கொஞ்சம் கொடுக்கும், கயிறு மேலே உருவிக்கொண்டு வராது. மூக்கை நுழைக்க மூலையே கிடையாது. காற்றும் தாராளமாகப் போய்வருகிறது. தலைமுறை தலைமுறையாகப் பாம்போடு வாழ்ந்தவர்கள் கண்ட மூடி அது. படித்த நாம் செங்கல்லோடு நிற்கிறோம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு செங்கல் சுமார் மூன்று கிலோ. பலகையின் நடுவில் அதை வைத்தால், ஓரத்தில் தள்ளுகிற பாம்பு முழு மூன்று கிலோவையும் தூக்க வேண்டியதில்லை. எதிர் ஓரம் தொட்டியின் மேலேயே தாங்கிக்கொள்வதால் பாதியைத் தூக்கினால் போதும். செங்கல் கொஞ்சம் தள்ளியிருந்தால் தூர மூலையில் அதைவிடவும் குறைவு. பிளைவுட் மெல்லியதாக இருந்தால், ஈரத்தில் வளைந்திருந்தால், செங்கல்லை அசைக்காமலேயே மூலை திறந்துகொள்ளும். அன்று நடந்தது இதுதான். வளர்ந்த பால் பைத்தான் மூன்று முதல் ஐந்தடி நீளம், ஒன்று முதல் இரண்டு கிலோ எடை. இரையை இறுக்கிக் கொல்வதற்கென்றே அமைந்த தசை அதன் உடம்பு முழுக்க. நூறு இரவு தோற்றாலும் அதற்கு நஷ்டமில்லை, ஓர் இரவு ஜெயித்தால் போதும். அம்மிக்கல்லை வைத்தால் கண்ணாடி விரியும், அல்லது கல் நழுவி உள்ளே பாம்பின் முதுகில் விழும். இதைச் சொன்னால், "அதெல்லாம் பார்த்து வைக்கணும்" என்கிறார்கள்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பழைய வீடுகளின் தேக்குக் கதவுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கதவைத் தள்ளவே ஓர் ஆள் வேண்டும். அவ்வளவு கனமான கதவையும் தாழ்ப்பாள் போடாமல் சாத்திவிட்டு யாரும் படுக்கப் போனதில்லை.

கனத்தின்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்தவர்கள் காற்றைப் பற்றி நினைப்பதே கிடையாது. செங்கல் நிற்க வேண்டும் என்பதற்காகவே முழுப் பலகையைப் போடுகிறார்கள், வலையின்மேல் செங்கல் நிற்காது. திருச்சி வெயில் கத்திரியில் நாற்பது டிகிரியைத் தாண்டும். அடைத்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மத்தியானம் என்ன ஆகும்? பாம்புக்கு வேர்க்காது. நிழலும் காற்றும் தேடி நகர்வது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி, அதையும் பலகை போட்டு அடைத்துவிடுகிறோம். வடநெம்மேலியின் துணி இதையும் என்றோ தீர்த்துவிட்டது.

தப்பித்தால் என்ன, விஷமில்லாத பாம்புதானே என்று ஒரு கூட்டம். ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற தீவு. ஆற்றில் தண்ணீர் ஏறினால் பாம்புகள் மேடு தேடி வரும், வீட்டுக்குள்ளும் வரும். பழுப்பு உடம்பில் திட்டுத் திட்டாக இருக்கும் பால் பைத்தானைத் தெருவில் பார்ப்பவர் கண்ணாடி விரியன் என்று நினைத்துக் கம்பெடுப்பார். அது நடந்தால் ஓர் அப்பாவிப் பாம்பு சாகும். அதைவிடப் பயங்கரம் இன்னொன்று. "பக்கத்து வீட்டுப் பையனோட பாம்புதான், ஒண்ணும் பண்ணாது" என்று நிஜக் கண்ணாடி விரியனை ஒரு குழந்தை கையில் எடுக்கலாம். பிறகு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும், அங்கே ஏற்றுகிற மருந்து அந்த மண்பானைகளிலிருந்து எடுத்த நஞ்சில் உருவானதாகக்கூட இருக்கலாம். 2013 ஆகஸ்டில் கனடாவின் கேம்பல்டன் ஊரில், கூண்டிலிருந்து காற்றுக் குழாய் வழியாக வெளியேறிய ஆப்பிரிக்கப் பாறை மலைப்பாம்பு, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களைக் கொன்றது. அது பால் பைத்தானைவிடப் பல மடங்கு பெரிய பாம்பு, உண்மைதான். ஆனாலும் தப்பித்தால் என்ன என்று கேட்பவர்கள் அந்தப் பிள்ளைகளை நினைத்துவிட்டுக் கேட்கட்டும்.

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துவருகின்றன. வளர்த்தவர்கள் விட்டவையும் தப்பியவையும் பெருகியதால் வந்த வினை. அவற்றைப் பிடிக்க 2017இல் அமெரிக்கர்கள் யாரை அழைத்துப் போனார்கள்? நம் இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். முதல் எட்டு நாளில் 13 பாம்புகளைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கொடுத்தோம், கைதட்டினோம். அவர்கள் சமூகம் பானையின் வாயை எப்படிக் கட்டுகிறது என்று பார்த்துக் கற்றுக்கொள்ள மட்டும் நமக்கு நேரமில்லை.

ஆசைப்பட்டு வாங்குகிறவர்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. 2023 ஜூலையில் நம் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் டிராலிப் பைக்குள் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் பிடிபட்டன. வாங்க ஆளில்லாமல் யாரும் சுமந்துகொண்டு வருவதில்லை. நம் ஊர் மலைப்பாம்பு, நாகம், சாரை எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்ததோடு கடமை தீர்ந்தது என்று செங்கல்லை வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். இன்னொரு பக்கம், ஆடி வெள்ளியில் புற்றுக்குப் பால் ஊற்றுகிற தெருவே, அடுத்த நாள் வாய்க்காலிலிருந்து ஏறி வந்த தண்ணீர்ப் பாம்பை அடித்துக் கொல்கிறது. பால் பாம்புக்கு உணவே இல்லை. பாம்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் யாரோ சொன்னது, பார்த்தது எதுவுமில்லை. மூடிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிற கல்லும் அப்படி வந்ததுதான்.

அந்தப் பையனுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். மீன் தொட்டியின் கண்ணாடியில் திருகாணி இறங்காது. அதனால் மேல் விளிம்பைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு மரச்சட்டத்தைச் சிலிக்கோன் பசை வைத்து ஒட்ட வேண்டும். அது நன்றாக இறுகி, புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை பாம்பு வேறு இடத்தில் இருக்கட்டும். மூடி இன்னொரு சட்டம். நடுவில் துருப்பிடிக்காத எஃகு வலை. நைலான் கொசுவலை கிழியும், வேண்டாம். வலையின் வெட்டு முனைகள் இரண்டு பத்தைகளுக்கு நடுவில் புதைந்திருக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பாம்பு மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். வலையைத் திருகாணி போட்டு இறுக்குங்கள், ஸ்டேப்ளர் ஊசியை நம்பாதீர்கள். ஒரு பக்கம் கீல். எதிர்ப் பக்கம் இரண்டு மூலைக்கும் ஒவ்வொரு கொண்டியும் நாதாங்கியும். நடுவில் ஒன்று மட்டும் போட்டால் மூலை மறுபடியும் வாயைத் திறக்கும். ஒயர் போகிற ஓட்டை ஒயரின் தடிமனுக்குமேல் இருக்கக் கூடாது. குழந்தைகள் உள்ள வீடானால் சின்னப் பூட்டு ஒன்று. எல்லாம் திருச்சியில் எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைப்பவை, தச்சருக்கு ஒரு நாள் வேலை.

முடிந்ததும் பாம்பை உடனே விடாதீர்கள். கொண்டிகளை மாட்டிவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் சட்டத்தின் ஓரத்தைப் பிடித்து மேல்நோக்கி நன்றாக நெம்பிப் பாருங்கள். சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்கு எங்காவது திறந்தால் தச்சரைத் திரும்பக் கூப்பிடுங்கள். அவரும் "மேல ஒரு கல்லு வச்சிருங்க தம்பி" என்றால், வேறு தச்சரைப் பாருங்கள்.