மார்கழியில பாஸ் ஆன ரேம், சித்திரையில ஃபெயில்

ஆணி புடுங்கவே நேரம் பத்தலைங்கறதால இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. போன வாரம் நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். "மச்சி, ரேம் விக்கிற விலைக்குப் புதுசெல்லாம் வாங்க முடியாது. இருக்கறதையே பயாஸ்ல கொஞ்சம் முறுக்கி விடலாம்னு இருக்கேன். நீதான் செஞ்சிருக்கியே, உன் செட்டிங்கை அனுப்பு"ன்னான். 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போனதுல விலை எகிறினது நெசந்தான். ஆனா நான் செட்டிங்கை அனுப்பலை. ஏன் அனுப்பலைங்கறதுதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நமக்கு தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டுல பார்ட் பார்ட்டா வாங்கி, பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாந்து சேர்த்த மெஷின் நம்மளது. ஐ5 12400, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி ரெண்டு. இன்ஜினியரிங் படிச்ச கை சும்மா இருக்குமா? எக்ஸ்எம்பின்னு ஒரு வசதியை இன்டெல் 2007-லயே கொண்டாந்துட்டாங்க. அதை ஆன் பண்ணினா ரேம்காரன் எழுதி வெச்ச வேகமும் வோல்டேஜும் தானா வந்துடும். முக்காவாசிப் பேருக்கு அது போதும். நமக்குப் பத்தலை. ஒரு மார்கழி ராத்திரி கையாலயே ஒவ்வொரு நம்பரா மாத்த ஆரம்பிச்சேன்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, அது தெரியாம நிறைய பேர் ஏமாந்து போறாங்க. 3200 ரேமோட நெசமான கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ்தான். ஒரு சுத்துக்கு 0.625 நானோசெகண்ட். சிஎல் 16-ன்னா 16 சுத்து காத்திருக்கணும், அதாவது 10 நானோசெகண்ட். இப்ப 3600-க்கு ஏத்திட்டு சிஎல்லை 18 ஆக்கினா என்ன வரும்? அதே 10 நானோசெகண்ட். ஒரு நொடியில போற டேட்டா கூடும், ஆனா காத்திருக்கற நேரம் அப்படியேதான் இருக்கும். ரெண்டும் சேர்ந்து நல்லாகணும்னா வேகத்தை ஏத்திக்கிட்டே டைமிங்கையும் இறுக்கணும். சிக்கலே அந்த இறுக்கறதுலதான்.

நம்ம மெஷின் 3466 வரைக்கும் ஏறுச்சு. அதோட நிறுத்தியிருந்தா இந்தப் பதிவே இல்லை. "ரெஃப்ரெஷ் இடைவெளி"ன்னு ஒரு நம்பர் கண்ணுல பட்டுச்சு. ரேம்ல ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர்ல நிக்கற சார்ஜ். ஓட்டைக் குடம் மாதிரி அது ஒழுகிக்கிட்டே இருக்கும், அதனால அப்பப்ப ரொப்பணும். டிடிஆர்4-ல 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒருதரம் ரெஃப்ரெஷ் கமாண்ட் போகும். ரொப்பற நேரத்துல ரேம் வேற வேலை செய்யாது. அந்த இடைவெளியை நீட்டினா வேலை நேரம் மிச்சமாகும். நான் பயாஸ் விடற உச்சத்துக்கே நீட்டினேன், ஏறக்குறைய 38 மைக்ரோசெகண்ட். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டேன். காலையில பாத்தா ஒரு பிழைகூட இல்லை. காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

நான் கோட்டை விட்டது ஒரு விஷயத்தைத்தான். அந்தக் கெப்பாசிட்டர் சூடு ஏற ஏற வேகமா ஒழுகும். ரேம் சிப் 85 டிகிரியைத் தாண்டினா ரெஃப்ரெஷ் இடைவெளியைப் பாதியாக் குறைக்கணும்னு டிடிஆர்4 விதிமுறையிலயே இருக்கு. நான் நீட்டினதும் மார்கழியில, சோதிச்சதும் மார்கழியில. மெஷின் இருக்கறது மொட்டைமாடி ரூம்ல. சித்திரை மதியம் அந்த ரூம் எப்படி இருக்கும்னு நம்மூர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சித்திரையிலதான் போன்ல இடம் இல்லைன்னு எங்க ஆயாவோட ரெக்கார்டிங்கை எல்லாம் மெஷினுக்கு மாத்தினேன். மொத்தம் 26 ஃபைல். கேவுரு நாத்து நட்டப்போ பாடின பாட்டு, சந்தைக்கு நடந்தே போன கதை, எங்க தாத்தாவைத் திட்டினது எல்லாம் அதுல இருந்துச்சு. 7-ஜிப்ல ஒரே கட்டா கட்டி வெச்சுட்டு, போன்ல இருந்ததை அழிச்சுட்டேன். ஐப்பசியில ஆயா போயிட்டாங்க. காரியத்தன்னிக்கு அத்தை, "கண்ணு, அம்மா பாடினதைக் கொஞ்சம் போடு"ன்னாங்க. திறந்தேன். முதல் 9 ஃபைல் வந்துச்சு. மிச்சம் 17-லயும் சிஆர்சி பிழை.

எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. அடுத்த சித்திரை வரைக்கும் காத்திருந்து, அதே ரூம்ல, அதே செட்டிங்கோட, மதியம் 2 மணிக்கு மெம்டெஸ்ட் போட்டேன். 20 நிமிஷத்துல சிவப்பு சிவப்பா பிழை. ரெஃப்ரெஷ் இடைவெளியைப் பழையபடி வெச்சதும் ஒண்ணுகூட இல்லை. தப்பு ரேம் மேலயும் இல்லை, போர்டு மேலயும் இல்லை. என் மேலதான்.

"பேக்கப் எடுக்காதது உன் தப்பு, ஓவர்க்ளாக் மேல ஏன் பழி போடறே?"ன்னு கேக்கறவங்க இருக்கீங்க. சரிதான், ஆனா பாதி சரி. பேக்கப்பும் அதே ரேம் வழியாத்தான் போகுது. அங்க கெட்டது எத்தனை பிரதி எடுத்தாலும் கெட்டதுதான். சிபியுவை அளவுக்கு மீறி முறுக்கினா பெரும்பாலும் மெஷினே படுத்துடும், நீலத்திரை வரும், நமக்கும் தெரிஞ்சுடும். ரேம் ஒரு பிட்டை மாத்தி வெச்சுட்டு எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். ஆறு மாசம் கழிச்சு ஒரு சாவு வீட்டுலதான் அது தெரிய வரும்.

இதுல பெரிய கைகளே தடுமாறியிருக்காங்க. 2022 அக்டோபர்ல லினஸ் டோர்வால்ட்ஸோட மெஷின்ல ரேம் ஸ்டிக் கெட்டுப் போய், அவரே முதல்ல கெர்னல்லதான் ஏதோ தப்புன்னு நினைச்சாரு. வீட்டு மெஷினுக்கும் ஈசிசி ரேம் வேணும்னு 2021-லயே சத்தம் போட்டவரு அவரு. கூகுள் சர்வர்களை வெச்சு 2009-ல வந்த ஆய்வுல, வருஷத்துல 8 சதவீதத்துக்கு மேல ரேம் ஸ்டிக்குகள்ல பிழை வந்திருக்கு. யாரும் முறுக்காத சர்வர் ரேமே அப்படின்னா நம்மது எம்மாத்திரம்? "டிடிஆர்5-ல ஈசிசி உள்ளேயே இருக்கே"ன்னும் சிலர் சொல்றாங்க. அது சிப்புக்குள்ள வர்ற பிழையை மட்டும் திருத்தும். சிப்புக்கும் சிபியுவுக்கும் நடுவுல போற வழியில கெட்டா அதுக்குத் தெரியாது. முறுக்கும்போது அந்த வழியும்தான் திணறும்.

இவ்வளவுக்கும் எனக்குக் கிடைச்சது என்ன? நாலு நிமிஷம் ஓடற ஒரு கம்பைல் வேலையில எட்டு செகண்ட் மிச்சம்.

அதுக்காக யாரும் தொடாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ரேம் எப்படி வேலை செய்யுதுன்னு காலேஜ் நாலு வருஷத்துல புரியாதது எனக்கு அந்த மார்கழி மாசத்துலதான் புரிஞ்சுது. விளையாட ஒரு பழைய மெஷின் இருந்தா தாராளமா முறுக்குங்க. ஆனா வீட்டுக்காரங்க போட்டோவும் பத்திரமும் இருக்கற மெஷின்ல எக்ஸ்எம்பியோட நிறுத்திக்கங்க. அதையும் மீறிக் கை அரிச்சா, ரெஃப்ரெஷ் இடைவெளியைத் தொடாதீங்க. சோதனையை உங்க ஊரோட உச்சி வெயில்ல போடுங்க. குளிர் நாட்டுக்காரன் 20 டிகிரி ரூம்ல பாஸ் பண்ண செட்டிங் நம்மூர்ல செல்லாது. எதையாவது கட்டி வெச்சா, திறந்து பாக்காம ஒரிஜினலை அழிக்காதீங்க.

ஔவையாருக்கு அதியமான் நெல்லிக்கனி குடுத்த ஊருங்க இது. நான் எட்டு செகண்டுக்கு ஆசைப்பட்டு எங்க ஆயாவோட பாட்டைத் தொலைச்சுட்டேன்.

நண்பன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். ரெண்டு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி மச்சி, எக்ஸ்எம்பி மட்டும் எப்படி ஆன் பண்றதுன்னு சொல்லு"ன்னான்.

டிஸ்கி: மிச்சம் இருக்கற 9 ஃபைலும் இப்ப மூணு இடத்துல இருக்கு. மூணையும் திறந்து கேட்டுட்டேன்.